கூண்டு ஏறினால் உள்ளே

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் ரங்கநாத், தான் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சியின் வாசலுக்கு ஓடினார். கப்பல்களைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. வாசலில் தொட்டிக்கு ஒன்றாக நின்ற இரண்டு அரிக்கா பாம் அழகுப் பனைச் செடிகளைப் பற்றித்தான்.

மேனேஜர் கேஷவ் பயிற்சிக்காகக் கொழும்பு கிளம்பும்போது, "ரங்கநாத், செடி ரெண்டும் உங்க பொறுப்பு. உள்ள வைக்கிறதும் வெளிய வைக்கிறதும் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாரம் தவறாமல் செல்போனும் கையுமாக அவற்றைச் சுற்றிவந்து யாருக்கோ வீடியோவில் காட்டுகிற மனிதர். அவ்வளவு பிரியம் என்று அலுவலகமே நம்பியது.

முத்தையாபுரம் புதுக் கிளைக்கு யாரை மேனேஜராகப் போடுவது என்பதை அவர் திரும்பி வந்துதான் முடிவு செய்வார். அந்த நாற்காலிமேல் ரங்கநாத்துக்கு ரொம்ப நாள் ஆசை. அதனால், தன் மேஜையில் கள்ளிச்செடியையே பட்டுப்போக வைத்தவர், இப்போது செடிகளுக்குச் சட்டம் போட்டார்.

"கூண்டு ஏத்துனா உள்ள, எறக்குனா வெளிய."

புயல் ஒடிசா பக்கம் போயிற்று. தூத்துக்குடியில் வெயில் கொளுத்தியது. கூண்டு மட்டும் இறங்கவில்லை. ஏ.சி. காற்றில் இலை நுனிகள் கருகத் தொடங்கின.

"சார், இங்கன ஒரு சொட்டு மழை இல்ல. செடிய வெளிய வைங்க" என்றாள் கணக்குப் பிரிவு கிருஷ்ணவேணி.

"கூண்டு எறக்கலியேம்மா."

ஒருவழியாக இறக்கினார்கள். செடிகள் வெளியே வந்த அன்றே கச்சான் என்கிற மேல்காற்று உப்பளத்து உப்பையும் புழுதியையும் வாரி இறைத்தது. ரங்கநாத் பதறிப்போய் பிளாஸ்டிக் தாளால் செடிகளை இறுக்கிச் சுற்றிக் கட்டினார். திங்கட்கிழமை பிரித்தபோது தழை வெந்த கீரையாகக் கிடந்தது.

கேஷவ் மறுநாள் வருகிறார். வேறு வழியில்லை. ரங்கநாத் நர்சரிக்குப் போய் அதே ஜாதியில் புதுச்செடிகள் வாங்கிவந்து, பழைய தொட்டிகளில் நட்டார். அலுவலக டிரைவர் சுடலைக்கண்ணு ஒரு கை பிடித்தார்.

"சார், ஒரு விஷயம் சொல்லட்டா?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். பிடி. யார்கிட்டயும் மூச்சு விடாத."

கேஷவ் வந்தார். பளபளவென்று நின்ற செடிகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா... வளந்திருக்கே."

"கண்ணும் கருத்துமா பாத்துக்கிட்டேன், சார்."

"தெரியுது" என்று பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் முத்தையாபுரம் நாற்காலி கிருஷ்ணவேணிக்குப் போயிற்று. ரங்கநாத்துக்கு அழுகையே வந்துவிட்டது. கார் துடைத்துக்கொண்டிருந்த சுடலைக்கண்ணுவிடம் போய் நின்றார்.

"செடிய இவ்வளவு நல்லா வச்சிருந்தேன். அப்புறமும் ஏன்டா இப்பிடி?"

சுடலைக்கண்ணு துணியைப் பிழிந்தார்.

"மேனேஜரோட மாமியா குடுத்த செடி சார், தூக்கிப் போட்டா வீட்டுல சண்டை, தானா பட்டுப்போகட்டும்னுதான, கள்ளியவே கொன்ன உங்க கையில குடுத்துட்டுப் போனாரு."