எழுபத்தொன்று என்றார் இன்ஜின் சித்தர்

வெள்ளிக்கிழமையானால் அரியலூர் பைபாஸில் அரை மைலுக்கு லாரிகள் நிற்கும். ஸ்டிரைக்கா? இல்லை. இன்ஜின் சித்தர் அருள்பாலிக்கிறார்!

இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி, மஞ்சள் துணியில் சுற்றி அவர் கையில் கொடுக்க வேண்டும். துணியை அவிழ்க்கவே கூடாது. வெளிச்சம் பட்டால் சக்தி ஓடிவிடுமாம்! சித்தர் அதைக் காதில் வைத்துக் கண்ணை மூடி ஒரு நம்பர் சொல்வார். நாசில் எவ்வளவு டீசல் விடுகிறது என்ற அளவு அது. அதைச் சீட்டில் எழுதியும் தருவார். அந்தச் சீட்டைப் பார்த்து எதிர்ப் பட்டறை மெக்கானிக் பாவாடை டீசல் பம்பைத் திருகி வைப்பார். கண்ணாடிக் குழாயில் டீசலை அளந்து காட்டும் மெஷின் பாவாடையிடமே இருந்தது. அதற்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு மூலையில் உட்கார வைத்திருந்தார்.

பூலாம்பாடி கொளஞ்சியப்பன் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுபவன். சீட்டு வாங்கிய நாளிலிருந்து அவன் லாரி கரும்புகையாகக் கக்கியது. ஏற்றத்தில் சைக்கிள்காரன் மணியடித்து முந்தினான்.

"முன்ஜென்மப் பாவம் மவனே, புகையா வெளியேறுது" என்றார் சித்தர். கொளஞ்சியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். இவ்வளவு பாவம் செய்திருக்கிறோமே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் மாதம் சித்தர் பெரிய குண்டைப் போட்டார்.

"பாவம் தீரல. வர்ற வெள்ளிக்குள்ள வண்டிய மடத்துக்கு எழுதி வச்சுடு. இல்லாட்டி வூட்டுல ஒரு உசுரு போவும்."

மடத்தில் ஏற்கெனவே ஏழு லாரிகள். துறவிக்கு எதற்கய்யா லாரி? கேட்க ஆளில்லை.

"வண்டியக் குடுத்துட்டு என்னத்தத் திங்கறது?" என்றாள் கொளஞ்சியப்பனின் மனைவி ஜெகதாம்பாள்.

"உசுரு முக்கியமில்லையாடி?"

"சரி, கடைசியா ஒருக்கா காட்டிட்டுக் குடுப்போம். நானே துணி சுத்தித் தரேன்."

வெள்ளிக்கிழமை. சட்டைப்பையில் ஆர்.சி. புக்கும் கையில் மஞ்சள் பொட்டலமுமாக வரிசையில் நின்றான் கொளஞ்சியப்பன், பக்கத்தில் ஜெகதாம்பாள். வண்டியை நினைக்கும்போதெல்லாம் அழுகை முட்டியது. பொட்டலம் ஏன் சுடுகிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை.

சித்தர் வாங்கினார். துள்ளினார்.

"உஷ்ணம்! பாவத்தோட உஷ்ணம்! எழுபத்தொன்னு!"

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. ஜெகதாம்பாள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, வரிசையில் நின்ற வரதராஜன்பேட்டைக்காரர் ஒருவரிடம் காதோடு ஏதோ சொல்லிக் கொடுத்தாள். அவர் அதையே தம்முடையது என்று நீட்டினார்.

"ஆகா, புண்ணிய வண்டி! நாப்பத்தெட்டு!"

"ஒரே பொட்டலம் சாமி! எழுபத்தொன்னு எப்படி நாப்பத்தெட்டாச்சு?" என்றபடி ஜெகதாம்பாள் துணியை உருவினாள்.

உள்ளே மக்காச்சோளக் கருது. அவித்தது. ஆவி பறந்தது.

கூட்டம் வாயைப் பிளந்தது. பின்னாலிருந்து ஒருவர் பயபக்தியோடு கேட்டார்: "சாமி, கருதுக்குப் பரிகாரம் உண்டுங்களா?"

"தியானத்துக்கு நேரமாச்சு" என்று சித்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மடத்து லாரியில் தாவி ஏறினார். வண்டி சீறிக்கொண்டு பறந்தது. பொட்டுப் புகை இல்லை!

ஜெகதாம்பாள் மெக்கானிக் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். "ஊரு வண்டியெல்லாம் புகையுது. அவரு வண்டி மட்டும் ஏங்க புகையல?"

பாவாடை தலையைச் சொறிந்தார். "மடத்து வண்டிங்கள மெஷின்ல அளந்துதாங்க வச்சேன். 'நம்ம வண்டிக்குச் சீட்டெல்லாம் வேணாம்டா, மெஷின்ல சரியா பாத்து வையி'ன்னு சாமியேதான் சொன்னாரு."

கொளஞ்சியப்பனுக்கு வந்த கோபத்தில் மெஷின் கழுத்து மாலையைப் பிய்த்தெறிந்தான். "அளய்யா முதல்ல!"

அளந்தார்கள். சீட்டில் இருந்த நம்பருக்கும் குழாயில் நின்ற டீசலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சரியான அளவுக்குப் பம்பைத் திருகியதும் மூன்று மாதப் புகை அரை நாளில் நின்றது. முன்ஜென்மப் பாவம் ஒரே ஸ்பேனரில் தீர்ந்தது! ஆர்.சி. புக் வீட்டுக்குத் திரும்பியது. கருதைப் புருஷனும் பெண்டாட்டியும் பாதிப் பாதியாகத் தின்றுகொண்டே போனார்கள்.

அடுத்த வெள்ளி சித்தர் வேறு ஊரில் கடை போட்டிருக்கிறாராம். அங்கேயும் வரிசை நிற்கிறதாம். நிற்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சித்தரே தம் வண்டிக்குச் சித்தரை நம்பவில்லை. நீங்கள் ஏனய்யா நம்புகிறீர்கள்?