பஞ்சுருட்டானின் முதல் வரி

காசிமிரோ எவாரிஸ்தோவை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, எவாரிஸ்தோ காசிமிரோவின் பெயரைச் சத்தமாகப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அது பிப்ரவரி மாதம். நியேவெஸின் காபிக்கடையில், வழக்கமாகக் காபி மெஷினுக்குப் பின்னால் இருக்கும் பச்சை அட்டைப் புத்தகம் எவாரிஸ்தோவின் மடியில் விரிந்திருந்தது. பெனிசால் என்ற அந்தக் கடலோர ஊரில் எந்தப் பறவையை யார் முதலில் பார்த்தார்கள், எந்தத் தேதியில் பார்த்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக எழுதி வந்தவர் எவாரிஸ்தோதான். ஊருக்குப் புதிதாகக் குடிவந்த பெல்ஜியத் தம்பதிக்கு மற்ற பக்கங்களையெல்லாம் விட்டுவிட்டு நேராக அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

“இதோ பாருங்க. ஆகஸ்ட் பதினொண்ணு. நடுக்கடல்ல தனியா ஒரு பூநாரை. பார்த்தவர் காசிமிரோ. அடுத்த வரி நான் எழுதினது. கரை ஒதுங்கினதும் பரிசோதிச்சோம். காத்தடைச்ச ரப்பர் மிதவை. வால்ல ஓட்டை.”

பெல்ஜியக்காரர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். காசிமிரோவும் சிரித்தார். வேறு என்ன செய்வது? பதினான்கு வருஷமாக அதே மேஜையில் அதே சிரிப்பு.

பத்து நாள் கழித்து எவாரிஸ்தோ தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கத்துக்கு ஊரே வந்தது. காசிமிரோ உண்மையாகவே அழுதார். அழுதபடியே ஒரு சபதமும் எடுத்தார். இந்த வசந்தத்தில் என் பெயர் மறுபடியும் அந்தப் புத்தகத்தில் ஏறும். ரப்பரில் செய்யாத ஒரு பறவையோடு ஏறும். அதுவும் பஞ்சுருட்டானோடு ஏறும்.

சாதாரண ஆசை இல்லை இது. ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டிப் பஞ்சுருட்டான் வந்தால்தான் பெனிசாலுக்கு வசந்தம். அதற்குப் பின்னால் வருகிறவர்கள் வெறும் சுற்றுலாக்காரர்கள். ஒவ்வொரு வருஷப் பக்கத்திலும் முதல் வரியைப் பஞ்சுருட்டானுக்காகக் காலியாக விட்டுவிடுவார்கள். ஜனவரி வாத்துகள்கூட இரண்டாம் வரியிலிருந்துதான் நீந்தும். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோர் முன்னாலும் சொன்னால்தான் எழுத்து. கூடவே ஒரு சாட்சி வேண்டும். சாட்சி அதே வீட்டு ஆளாக இருக்கக் கூடாது. புத்தகம் தொடங்கிய வருஷம் ஒரு தம்பதி ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லி ஒரே வாரத்தில் பதினேழு பறவை சேர்த்துவிட்டார்கள். அதில் ஒன்று பென்குயின். அன்றிலிருந்து இந்த விதி.

காசிமிரோ வில்லெமைச் சாட்சியாகப் பிடித்தார். வில்லெம் ஹாலந்துக்காரர். ஓய்வு பெற்று வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. இத்தனை வருஷத்தில் அவர் ஊரில் பேசிய வார்த்தைகளை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். அதனால்தான் அவர். உப்பளத்துக்குப் பின்னால், நாணலை ஒட்டி ஒரு மண்மேடு. போன வருஷம் பஞ்சுருட்டான்கள் துளைத்த பொந்துகள் அதில் அப்படியே இருந்தன. அந்த இடம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் பேசமாட்டார். இன்னொருவர் காசிமிரோ.

மூன்றாவதாக ஒருவருக்குத் தெரியக் கூடாது. அது அவர் மனைவி எலோடியா.

எலோடியாவுக்குப் பறவைகள் பிடிக்கும். பேச்சு அதைவிடப் பிடிக்கும். போன வருஷம் காசிமிரோ வேறோர் இடத்தில் ஒரு பஞ்சுருட்டானைத் தனியாகப் பார்த்துவிட்டு, சாட்சி தேடிப் போகும் முன் வீட்டில் சொன்னார். அவர் செருப்பு மாட்டுவதற்குள் மீன்கடையில் ஆறு பேருக்குச் செய்தி போய்விட்டது. ஆறு பேரும் ஓடினார்கள். பெயர் மீன்கடைக்காரனுக்குப் போனது.

“உன் வாய்ல ஒரு ரகசியம் ஒரு ராத்திரிகூடத் தங்காது” என்றார் அன்று.

எலோடியா அப்போது உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சீவி முடித்தபோது அந்தக் கிழங்கு ஒலிவக்காய் அளவுக்கு வந்திருந்தது.

ஆகவே இந்த வருஷம் பொய். மார்ச் நடுவிலேயே தொடங்கிவிட்டது.

“டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்காரு, எலோடியா.”

“விடியுறதுக்கு முன்னாடியேவா?”

“காலைக் காத்துதான் கொழுப்பைக் கரைக்குமாம்.”

“எந்தக் கொழுப்பை?”

காசிமிரோ சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டார்.

“சட்டைக்குள்ள என்ன புடைப்பு?”

“நெஞ்சு.”

“நேத்து வரைக்கும் அது வயித்துலல்ல இருந்துச்சு?”

சட்டைக்குள் பைனாகுலர் மோதி மோதி விலா வலித்தது. ஆனாலும் நடந்தார். மூன்று வாரம் விடாமல் நடந்தார். மழையில் நடந்தார். கொசுக்கடியில் நின்றார். ஒருநாள் உப்புச் சேற்றில் ஒரு காலணியை இழந்து, ஒற்றைக் காலணியோடு வீடு வந்து, நடைப்பயிற்சியில் இது சகஜம் என்றார். எலோடியா அந்த ஒற்றைக் காலணியைக் கழுவி வெயிலில் வைத்தாள்.

ஏப்ரல் இரண்டாம் தேதி, புதன்கிழமை, சாப்பாட்டு மேஜையில் சொன்னாள்.

“நாளைலேருந்து நானும் நடக்க வரேன்.”

காசிமிரோ ரொட்டியைத் தட்டில் வைத்தார். “உனக்கு எதுக்கு?”

“எனக்கும் கொழுப்பு இருக்கு, மனுஷா. ஒரே வீட்டுச் சாப்பாடுதானே.”

யோசிக்க இரண்டு வாய் நேரம்தான் கிடைத்தது. அதற்குள் ஒரு திட்டம் வந்தது. தன் மூளையை அவரே மெச்சிக்கொண்டார். ஊரின் மேட்டில் அவர்களுக்கு ஒரு சின்ன ஃப்ளாட் இருந்தது. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள்.

“நாளைக்கா? நாளைக்கு முடியாதே. மேட்டு ஃப்ளாட்டுல கேஸ் தீர்ந்துபோச்சு.”

“போன வாரம்தானே புது சிலிண்டர் மாட்டினேன்?”

“கசிஞ்சிருக்கும்.”

“கசிஞ்சா வெடிக்காதா?”

“மெதுவா கசிஞ்சிருக்கும். புனித வார லீவுக்கு ஆள் வர நேரம், எலோடியா. கேஸ்காரன் ரோமுவால்தோகிட்ட சொல்லிட்டேன். எட்டுலேருந்து ஒண்ணுக்குள்ள கொண்டு வருவான்.”

“அப்ப அஞ்சு மணி நேரம் நான் அங்கேயே உக்காரணும்.”

“மொட்டை மாடியில உக்காரு. நல்ல காத்து. கொழுப்பு உக்காந்தபடியே கரையும்.”

எலோடியா மேஜையிலிருந்த தட்டுகளை அடுக்கினாள். பிறகு “சரி” என்றாள்.

முப்பத்தாறு வருஷத்தில் அவள் முதல் தடவையிலேயே சரி என்று சொன்னது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான். அது தேவாலயத்தில். காசிமிரோ அப்போதாவது உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அவள் பாத்திரம் கழுவும் சத்தத்தில் கூடத்துக்குப் போய், கேஸ்காரனுக்கு ரகசியமாகப் போன் போட்டார்.

வியாழக்கிழமை விடியலில் காசிமிரோவும் வில்லெமும் மண்மேட்டுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். கொண்டையை விரித்துக்கொண்டு ஒரு கொண்டலாத்தி வந்தது. அது மார்ச்சிலேயே எழுதியாகிவிட்டது. இரண்டு தாழைக்கோழி சண்டை போட்டன. ஒரு நாய் வந்து வில்லெமின் டெலஸ்கோப் காலில் கடமையை முடித்துவிட்டுப் போனது. மதியம் வரை வானம் காலி.

வீட்டில் அவரைக்கொட்டையும் டர்னிப் கிழங்கும் போட்ட சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது.

“கேஸ் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“ரொம்பக் காக்க வச்சானா?”

“இல்ல. பத்து மணிக்கே வந்துட்டான்.”

“வேற ஒண்ணும் விசேஷமில்லையே?”

“மேட்டுல என்ன விசேஷம், மனுஷா? வெயில். சோறு போடவா?”

இரண்டாவது தடவை கேட்காமலே போட்டாள். மூன்றாவது தடவையும் போட்டாள். பாவம், தனியாக உட்கார்ந்து களைத்திருக்கிறாள் என்று காசிமிரோ மனசு இளகினார்.

வெள்ளிக்கிழமை மழை.

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு முதலில் குரல்தான் வந்தது. தண்ணீருக்குள் யாரோ விசில் ஊதுவதுபோல. காசிமிரோ அண்ணாந்தார். நாணலுக்கு மேலே ஒன்பது பறவைகள் சரிந்து வந்தன. திரும்பும்போது முதுகு செங்கல் நிறம். மறுபடி திரும்பும்போது வயிறு கடலின் பச்சை. ஒன்று அருகிலிருந்த பட்ட கிளையில் உட்கார்ந்து, அலகில் பிடித்த தேனீயைக் கிளையில் அடித்து அடித்துத் தின்றது. மஞ்சள் தொண்டை விழுங்கியது. காசிமிரோவும் விழுங்கினார்.

“பார்த்தியா, வில்லெம்?”

வில்லெம் டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

“ஆமா.”

அன்று மத்தியானம் எலோடியா கேட்டாள். “என்ன, மூஞ்சி விளக்கு போட்ட மாதிரி இருக்கு?”

“கொழுப்பு கரையுது.”

“பார்த்து. முழுசாக் கரைஞ்சா ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.”

வீட்டில் வாயைக் கட்டினார். வெளியில் கட்ட முடியவில்லை. சாயங்காலத்துக்குள் முடிவெட்டுகிறவரிடமும் பேக்கரிக்காரியிடமும் சீட்டாட்ட மேஜையில் இருந்த நாலு பேரிடமும் சொல்லியிருந்தார். தனித்தனியாக, யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற கண்டிப்போடு.

அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் காபிக்கடையில் நிற்க இடமில்லை. காசிமிரோ டை கட்டியிருந்தார். எலோடியா பின்வரிசையில் ஒலிவக்காய் தின்றுகொண்டிருந்தாள். எவாரிஸ்தோவுக்குப் பிறகு புத்தகத்துக்குப் பொறுப்பேற்ற நியேவெஸ் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தை விரித்தாள். முதல் வரி வெள்ளையாக இருந்தது.

காசிமிரோ எழுந்தார். “பஞ்சுருட்டான். ஒன்பது. ஏப்ரல் அஞ்சு, சனிக்கிழமை, எட்டே முக்கால். சாட்சி வில்லெம்.”

“ஆமா” என்றார் வில்லெம்.

கைதட்டல். யாரோ விசிலடித்தார்கள். நியேவெஸ் பேனா மூடியைத் திறந்து, வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

“இதுக்கு முந்தின தேதி யாருக்காவது இருக்கா?”

பின்வரிசையில் ஒரு கொட்டை தட்டில் விழுந்தது.

“வியாழக்கிழமை” என்றாள் எலோடியா. “பத்தே கால். ஏழு.”

காசிமிரோ திரும்பினார். கழுத்து மட்டும்தான் திரும்பியது. “எங்க?”

“மேட்டு ஃப்ளாட் மொட்டை மாடியில. கீழ ஆரஞ்சுத் தோப்புல தேனீப் பெட்டி வச்சிருக்காங்கல்ல, அதுக்கு மேல சுத்திச்சுங்க. நீதானே அங்க உக்காரச் சொன்ன?”

“சாட்சி வேணும், எலோடியா. சாட்சி இல்லாம சும்மா சொல்லக் கூடாது.”

“சாட்சி நான்தாங்க” என்றது கவுன்டர் பக்கமிருந்து ஒரு குரல். ரோமுவால்தோ. “சிலிண்டர் கொண்டு போயிருந்தேன்.”

“அவனுக்குப் பறவையே தெரியாது, நியேவெஸ். கோழிக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியாதவன்.”

“பேரு தெரியாதுங்க” என்றான் ரோமுவால்தோ. “மஞ்சத் தொண்டை. முதுகு செங்கல். அடியில நீலமும் பச்சையுமா. கண்ணுல ஒரு கறுப்புக் கோடு. பார்த்துக்கிட்டே நின்னதுல தோள்ல இருந்த சிலிண்டரை இறக்கவே மறந்துட்டேன். இன்னும் வலிக்குது.” கொஞ்சம் தயங்கி, “அங்க இருந்த பழைய சிலிண்டர் நிறைஞ்சிருந்துச்சுங்க. எதுக்குக் கூப்பிட்டீங்கன்னுதான் புரியல” என்றான்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. காசிமிரோ டையைத் தளர்த்தினார்.

“பார்த்தவ வீட்டுக்கு வந்து ஏன் சொல்லல?”

“ஒரு ராத்திரிகூடத் தங்காதுன்னு சொன்னியே. மூணு ராத்திரி தங்கிச்சு. உன்னோடது பேக்கரி வரைக்கும்கூடத் தாங்கலையாம்.”

பேக்கரிக்காரி கூரையைப் பார்த்தாள்.

காசிமிரோ உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். மூன்று வார நடை, ஒரு காலணி, விலா வலி எல்லாம் அந்த நாற்காலியில் சேர்ந்து உட்கார்ந்தன. நியேவெஸ் எழுதத் தொடங்கியிருந்தாள். எலோடியா எழுந்து போய் அவள் தோளைத் தட்டினாள்.

“அவன் பேரையும் எழுதிடு, நியேவெஸ். எவ்வளவு ஆசைப்பட்டான்.”

“என்னன்னு எழுத? முதல்ல பார்த்தவர் ஒருத்தர்தான், சாட்சி ஒருத்தர்தான். மூணாவதா ஒருத்தருக்கு இதுல இடமே இல்லையே.”

“உள்ளதை எழுது.”

நியேவெஸ் உள்ளதை மட்டும் எழுதுகிறவள். புத்தகம் இப்போது ஊர் நூலகத்தில் இருக்கிறது. யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுவார்கள். அந்த வருஷப் பக்கத்தின் முதல் வரி இப்படி இருக்கிறது: ‘பஞ்சுருட்டான், ஏழு. ஏப்ரல் 3, வியாழன். பார்த்தவர்: எலோடியா. சாட்சி: ரோமுவால்தோ. கேஸுக்குப் போன் செய்தவர்: காசிமிரோ.’