எங்க நிக்கிற டீச்சர்

தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படியொரு மனுஷி கிடைக்க மாட்டார். காலடிப்பேட்டையில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் அவர், நான் தமிழ் நடத்துகிறேன். பிள்ளைகள் வைத்த பெயர் 'எங்க நிக்கிற டீச்சர்'. வீட்டுக்காரர் போனில், "என் கண்ணாடி எங்கடி?" என்றால்கூட, "நீங்க எங்க நிக்கிறீங்க?" என்றுதான் கேட்பார்.

எல்லாம் முக்கோணவியலால் வந்த வினை. எதிர்ப்பக்கம் எது என்பது நாம் எந்த மூலையில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. தாளில் எழுதினால் அது விளங்காது என்பது அவர் கட்சி. அதனால் மைதானத்தில் சாக்பீஸால் பெரிய செங்கோண முக்கோணம் வரைவார். பிள்ளைகள் மூலையில் போய் நின்று பதில் சொல்ல வேண்டும்.

போன மாதம் பெனிட்டா மாட்டினாள். பத்தாம் வகுப்பு, கேரம் ஆட்டத்தில் புலி. திருப்புதல் தேர்வில் கணக்கில் முட்டை. படம் எப்படித் திரும்பியிருந்தாலும் வலது பக்கக் கோட்டையே எதிர்ப்பக்கம் என்று எழுதி வைத்திருந்தாள். கணக்கில் பாஸாகாமல் மாவட்டப் போட்டிக்கு அனுப்ப முடியாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட, அந்தப் பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"நான் திரும்ப டெஸ்ட் வைக்கிறேன் மேடம், நீங்களே வந்து பாருங்க" என்று டீச்சர் மல்லுக்கு நின்றார். வேடிக்கை பார்க்க நானும் மைதானத்துக்குப் போனேன்.

"எங்கே, கர்ணத்தைக் காட்டு" என்றார் டீச்சர்.

பெனிட்டா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். அடித்தாள் பாருங்கள் ஒரு குட்டிக்கரணம்!

"ஐயோ கடவுளே! அது கரணம்டி. இது கர்ணம். சாய்ஞ்ச கோடு!"

"அத்த முன்னாடியே சொல்லக் கூடாதா டீச்சர்?"

"சரி, இந்த மூலையில நில்லு. எதிர்ல எது?"

"தோ, அந்தக் கோடு."

"இப்போ இன்னொரு கூர் மூலைக்குப் போ."

போனாள். அவள் முகம் மலர்ந்தது. "டீச்சர்! எதிர்ப்பக்கம் மாறிப்பூட்ச்சு. கர்ணம் மட்டும் அப்டியே கீது!"

"எல்லாம் சரி, எழுதாமல் எப்படி மார்க் போடுவது?" என்று அலுத்துக்கொண்டே தலைமையாசிரியை முக்கோணத்துக்குள் வந்தார். வந்தவர் நேராகச் செங்கோண மூலையில் நின்றார்.

பெனிட்டா பதறிப்போனாள். "எச்.எம். டீச்சர், அங்க நிக்காதீங்க! அங்க நின்னா ஒங்களுக்கு எதிர்ல கீறதே கர்ணந்தான், எதிர்ப்பக்கம்னு தனியா ஒண்ணும் கெடையாது!"

தலைமையாசிரியை குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். "போட்டிக்கு இவ பேரைக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் சுடுகிற மைதானத்தில் நின்று அழுதுகொண்டே சிரித்தார். இந்தக் கிறுக்குக்கு மட்டும் மாறுதல் உத்தரவு வந்துவிடக் கூடாது என்று வடிவுடையம்மனிடம் தினமும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.