கிராணியார் திருத்திய மூன்று பாட்டுகள்

'லோரி' என்ற சொல்லில்தான் முதல் சிக்கல் வந்தது.

போட்டி தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கோயில் மண்டபத்தில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. மேடைக்குப் பின்னால், அப்பளசாமி கொடுத்த தாளைச் சிவப்புப் பேனாவால் தட்டிக்கொண்டு நின்றார் அழகேசன்.

"லோரியா? பாட்டுக்குள்ள லோரி எப்படிப்பா வந்துச்சு?"

"நான் லோரிதானே ஐயா ஓட்டுறேன்" என்றான் அப்பளசாமி. "பழக்குலைய ஏத்திக்கிட்டு மில்லுக்குப் போற வழியில கட்டுன பாட்டு இது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இலக்கியத்துல லோரி கிடையாது" என்று சொல்லி, தாளில் இருந்த ஒன்பது லோரிகளையும் அடித்துவிட்டு ஒன்பது தேர்களை எழுதினார் அழகேசன்.

புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில் இருந்த அந்தச் செம்பனைத் தோட்டத்தின் ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி அழகேசன். அவருக்குப் பாட வராது. வாத்தியம் எதுவும் வாசிக்க வராது. ஆனால் சங்கீதத்தைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி, அதில் முதல் நாற்பது பக்கம் படித்திருந்தார். தோட்டத்தில் வேறு யாரும் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. ஆகவே அவரே சங்கீத நிபுணர். கல்யாண வீட்டில் யாராவது இரண்டு அடி முணுமுணுத்தால் போதும், "சுருதி சேரலையே" என்று முகத்தைச் சுளிப்பார். சுருதி என்றால் என்ன என்று அவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

அது எண்பத்தாறாம் வருஷம். கோலாலம்பூரில் கேசட் கம்பெனி வைத்திருந்த தேவதாஸ், கோயில் கமிட்டித் தலைவர் ரெங்கசாமிக்குக் கடிதம் போட்டிருந்தார். 'சினிமாப் பாட்டு வேண்டாம். உங்கள் வட்டாரத்தில் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்கள் இருந்தால் ஒரு போட்டி வையுங்கள். நானே வந்து பதிவு செய்கிறேன். தேறுகிற ஆட்களின் கேசட்டை வெளியிடுகிறேன்.'

ரெங்கசாமி கடிதத்தை அழகேசனிடம் கொடுத்தார். படித்துவிட்டு அழகேசன் உரக்கச் சிரித்தார்.

"நம்ம ஆளுங்க சொந்தமா பாட்டுக் கட்டுவாங்களா? தகரப் பால்டி வாளியத் தட்டுறதையும் பாட்டுன்னு சொல்லுவானுங்க. சரி, நானே நடுவரா இருக்கேன். அப்படியே விட்டா கோலாலம்பூர்க்காரர் முன்னால மானம் போயிரும். நான் கொஞ்சம் திருத்திக் கொடுக்குறேன்."

அப்படித்தான் சிவப்புப் பேனா மேடைக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

பத்தரை மணிக்குப் போட்டி தொடங்கியது. தேவதாஸ் மேடை ஓரத்தில் பெரிய டேப் ரெக்கார்டரை வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நடுவர் மேசையில் அழகேசனுக்கென்று தனி மைக்.

அப்பளசாமி நன்றாகத்தான் ஆரம்பித்தான். இரண்டாவது அடியில் தேர் வந்தது.

"தேரு டயரு பஞ்சரு ஆச்சே... தேரு டயரு..."

முன்வரிசையில் ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். அப்பளசாமி நிறுத்திவிட்டான்.

"ஐயா, தேருக்கு டயர் உண்டா?"

அழகேசன் மைக்கைப் பிடித்தார். "டயர எவன்டா போடச் சொன்னான்? சக்கரம்னு பாடு!"

"சக்கரம் பஞ்சர் ஆவாதே ஐயா."

"அச்சு முறிஞ்சுச்சுன்னு பாடு!"

"அச்சு முறிஞ்சா அப்புறம் எப்படி ஐயா மில்லுக்குப் போறது? அடுத்த அடியில மில்லு வாசல்ல நிக்கிறேனே."

மண்டபமே சிரித்தது. அழகேசனுக்குக் காது சிவந்தது. ஒரு லோரி ஓட்டுகிறவனுடைய அறியாமையைப் பார்த்து ஜனங்களே சிரிக்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். "மில்லையும் அடிச்சுட்டு அரண்மனைன்னு பாடு! பழக்குலையோட அரண்மனைக்குப் போ! ராஜா எண்ணெய் எடுத்துக்குவாரு! இதக்கூடவா நான் சொல்லித் தரணும்?"

அப்பளசாமி கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனான்.

அப்போது தேவதாஸ் எழுந்தார். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, நடுவர் மேசைக்கு அருகிலேயே வைத்துக்கொண்டார்.

"இங்க உக்காந்துக்கிறேனே சார்? ஒண்ணும் தொந்தரவு இல்லியே?"

"தாராளமா உக்காருங்க" என்றார் அழகேசன். விஷயம் தெரிந்தவன் விஷயம் தெரிந்தவனின் பக்கத்தில்தான் உட்காருவான் என்பது அவருக்குப் புரிந்தது.

சொல்லைத் திருத்தினால் மட்டும் போதாது, வாத்தியத்தையும் திருத்த வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அடுத்து வந்தவர்கள் உலு யாமில் இருந்து வந்த சன்னாசியும் அவன் தம்பியும். கையில் கிட்டார் வைத்திருந்தார்கள்.

"கிட்டார் வேண்டாம். கீழ வை" என்றார் அழகேசன்.

"அண்ணே, பாட்டே கிட்டார்லதான் கட்டுனோம்லா."

"தமிழ்ப் பாட்டுக்குத் தமிழ் வாத்தியம். நாகமணி! மேல வாங்க!"

கோயில் தவில்காரர் நாகமணி மண்டப வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று இருபது வருஷமாக வாசிக்கிறவர். அன்றைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. இப்போது தவிலைத் தூக்கிக்கொண்டு ஆவலோடு மேடையேறினார்.

சன்னாசியின் பாட்டு சோகப் பாட்டு. விரும்பிய பெண் வேறொருவனைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் பஸ்ஸில் ஏறிப் போகிறாள். சன்னாசி கண்ணை மூடிக்கொண்டு உருகினான். நாகமணியும் முதலில் அடக்கித்தான் வாசித்தார். ஆனால் 'கழுத்தில் தாலி ஏறுதே' என்ற அடி வந்ததும், அவருடைய கை இருபது வருஷப் பழக்கத்தில் தானாகக் கெட்டிமேளம் கொட்டிவிட்டது.

மண்டபத்தில் இருந்த பெண்களின் கைகளும் பழக்கதோஷத்தில் உயர்ந்தன. இல்லாத அட்சதையைத் தூவினார்கள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து பந்தியில் இடம் பிடிக்கவே கிளம்பிவிட்டார்.

சன்னாசி கண்ணைத் திறந்து பார்த்தான். "அண்ணே, என் காதலிக்கு நீங்களே கல்யாணம் பண்ணி வச்சுட்டீங்களே!"

"நாகமணி!" என்று மைக்கில் கத்தினார் அழகேசன். "இது சோகமய்யா! சோகமா அடிங்க!"

"கெட்டிமேளத்துல சோகம் கிடையாதுங்க" என்றார் நாகமணி. "மாப்பிள்ளைக்கு வேணும்னா அப்புறமா வரும்."

மறுபடியும் சிரிப்பு. தகரக் கூரை அதிர்ந்தது. அழகேசன் எழுந்து நின்றார். உலு யாமில் காதலிக்கத் தெரியவில்லை, பாடத் தெரியவில்லை, அழக்கூடத் தெரியவில்லை என்று ஆரம்பித்து, அழுகைக்கு எந்த ராகம், அதை எந்த நேரத்தில் பாட வேண்டும், சாப்பிட்டு எத்தனை நாழிகை ஆகியிருக்க வேண்டும் என்று பத்து நிமிஷம் பேசினார். நாற்பது பக்கமும் அதில் தீர்ந்துபோயின.

தேவதாஸ் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. கட்டை விரலை உயர்த்திக் காட்டி, 'தொடருங்கள்' என்பதுபோலத் தலையை ஆட்டினார். நல்ல சங்கீதத்துக்கு நேர்ந்த கதியைப் பார்த்து ஒருவராவது கலங்குகிறாரே என்று அழகேசனுக்கு நெஞ்சு நிறைந்தது.

மூன்றாவதாக வந்தவள் கலாவதி. ராவாங் எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் வேலை செய்கிறவள். கூட வேலை செய்யும் இரண்டு பெண்களை அழைத்து வந்திருந்தாள். வாத்தியம் எதுவும் இல்லை. கையைத் தட்டிப் பாடுவதாகச் சொன்னாள். வாத்தியம் இல்லாததால் அழகேசன் சற்று நிம்மதியடைந்தார். தாளைப் பார்த்ததும் நிம்மதி போய்விட்டது.

"ஓவர்டைமா?"

"ஆமாங்க ஐயா. ஓவர்டைம் பாட்டு."

"மிகைநேரப் பணின்னு மாத்திப் பாடு."

கலாவதி தாளை வாங்கவில்லை. விரலை விட்டு எண்ணினாள். "ஓ, வர், டைம். மூணு தட்டு. மி, கை, நே, ரப், ப, ணி. ஆறு தட்டு. மிச்சம் மூணு தட்ட நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"வேகமாப் பாடு. உள்ள போயிரும்."

"மெசின்தான் ஐயா வேகமா ஓடும். பாட்டு ஓடாது."

"எதிர்த்தா பேசுற?"

"எதிர்க்கல ஐயா. இத ஷிப்ட் பஸ்ல மூணு மாசமா பாடிப் பாடிக் கட்டுனோம். கூட வேலை செய்யுற பிள்ளைங்க அசந்து தூங்கிட்டு வருவாங்க, இதப் பாடித்தான் எழுப்புவோம். இப்ப ஒரு சொல்ல எடுத்தா மொத்தமும் சரிஞ்சிரும். நாங்க கட்டுன மாதிரிதான் பாடுவோம். பிடிக்கலன்னா மார்க் போடாதீங்க."

அந்தத் தோட்டத்தில் பதினெட்டு வருஷமாக அழகேசனிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஐந்து நிமிஷம் பிந்தி வந்தாலே பேர் எழுதிவிடுகிற கை அது.

"மைக்க அமத்துய்யா!" என்றார்.

மைக்செட்காரர் மேடை மைக்கை அமர்த்தினார். அந்தப் பெண்கள் அசரவில்லை. கையைத் தட்டி, மைக் இல்லாமலே பாடத் தொடங்கினார்கள். அவர்கள் குரல் கேட்க வேண்டும் என்று மண்டபம் அமைதியானது. இரண்டாவது முறை 'ஓவர்டைம்' வந்தபோது முன்வரிசைப் பெண்களும் கூடவே தட்டினார்கள். அப்பளசாமி வாசலில் நின்று தட்டினான். நாகமணி தவிலைத் தொடாமல் தொடையில் தட்டினார்.

அழகேசனுக்கு அந்த நேரத்தில் உள்ளுக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. அவருடைய காலும் தரையில் தட்டத் தொடங்கியிருந்தது. அதைக் கண்டதும் அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. காலை இழுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டு, தன் மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தார்.

"நிறுத்து! நிறுத்துங்கறேன்! இது பாட்டா? பஸ் ஹாரன்! நாளைக்கு மீன் விக்கிறவன் மீன் பாட்டுக் கட்டுவான்! சுங்கை பஞ்சாங் பக்கம் நெல்லு வேலைக்குப் போறவன் தவக்களப் பாட்டுக் கட்டுவான்! கேக்குறவன் காதுல சோப்புப் போட்டுக் கழுவணும்! தட்டாதீங்க! யாரு அங்க தட்டுறது? ரெங்கசாமி, நீங்களுமா?"

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிரிப்பு எழுந்தது. சிரிப்பு எழ எழ அழகேசனுக்குச் சொற்கள் பெருகின. தன் பேச்சுக்கு இவ்வளவு கூட்டம் கட்டுப்படும் என்று அவருக்கே அதுவரை தெரியாது. இருபது நிமிஷத்துக்குப் பிறகு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

"பரிசு யாருக்கும் கிடையாது. இந்த வட்டாரத்துல பாட்டுக் கட்டத் தெரிஞ்சவன் இன்னும் பொறக்கல!"

போட்டி முடிந்தது. தேவதாஸ் கலாவதியிடம் ஏதோ பேசி விலாசம் எழுதிக்கொண்டிருந்ததை அழகேசன் பார்த்தார். ஆறுதல் சொல்கிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். பிறகு தேவதாஸ் அவரிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சார், பத்து வருஷமா ஊரு ஊரா போறேன். இந்த மாதிரி ஒரு நாள் எனக்குக் கிடைச்சதில்ல. ஒரு சைன் மட்டும் வேணும். சட்டத்துக்காக."

காலையில் இருந்து ஊரார் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் அடித்துத் திருத்தியவர், அந்தத் தாளில் ஒரு சொல்லைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்துத் தேவதாஸிடம் இருந்து கடிதம் வந்தது. 'கேசட் வெளிவந்துவிட்டது. எல்லாம் உங்களால்தான். கோலசிலாங்கூர் கடைகளிலும் கிடைக்கும்.' அழகேசன் கடிதத்தை மனைவி இராஜம்மாவிடம் இரண்டு முறை படித்துக் காட்டினார். "பரிசே இல்லன்னு சொன்னீங்க. அப்புறம் எதப் போட்டாங்க?" என்று அவள் கேட்டாள். "என் திருத்தத்தோட மறுபடியும் பாட வச்சிருப்பாங்க. உனக்கு இதெல்லாம் புரியாது" என்று சொல்லிவிட்டு, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

கோலசிலாங்கூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த கேசட் கடைக்குள் நுழையும்போதே ஸ்பீக்கரில் கைதட்டலோடு 'ஓவர்டைம்' ஒலித்துக்கொண்டிருந்தது. மூன்று தட்டுதான், ஆறு இல்லை. பேக்டரிப் பெண்கள் நாலைந்து பேர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அழகேசன் முகத்தைச் சுளித்தபடி கடைக்கார அம்மாளிடம் போனார்.

"இந்தக் கூச்சல் இல்ல. தோட்டத்துக் கோயில்ல பாட்டுப் போட்டி நடந்துச்சே, நடுவரோட கருத்தெல்லாம் சேர்த்து ஒரு கேசட் வந்திருக்கும். அது வேணும்."

"ஓ, அதுவா!" அந்த அம்மாள் சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. "அது பாட்டு கேசட் இல்லண்ணே, காமெடி. வந்த அன்னைக்கே தீந்துபோச்சு. அந்தக் கிராணி வேஷம் போட்டவரு யாருன்னு தெரியல. நெசத்துல இப்படி ஒரு மண்டு இருக்க முடியுமா சொல்லுங்க, ஆனா மனுஷன் என்னமா நடிச்சிருக்காரு!"