பதினாறில் பதினைந்து பங்கு தண்ணீர்

மைக் கையில் இருக்கும்போது எனக்குத் தெரியாதது எதுவுமில்லை. கீழே வைத்தபிறகுதான் சந்தேகங்கள் ஒவ்வொன்றாக வரும். எம்.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு வந்த வியாதி இது.

அப்போது நான் கணிதத்தை மக்களிடம் கொண்டுபோகக் கிளம்பியிருந்தேன் (மக்கள் கேட்கவில்லை). திருச்செங்கோட்டுப் பக்கம் அம்மாவின் ஊரில், பால் சொசைட்டிக் கட்டடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ‘கணக்கின் அதிசயங்கள்’ என்று பேச்சு. நாற்பது பேர். அதில் பாதிப் பேர் பால் ஊற்ற வந்தவர்கள்.

ஒரு நாணயத்தை எடுத்துக் காட்டினேன். “நாலு தடவ சுண்டுனா நாலும் பூவே விழறதுக்கு வாய்ப்பு பதினாறுல ஒண்ணுதானுங்க. அப்ப ஒரு தடவையாச்சும் தலை விழ? பதினாறுல பதினஞ்சு!” பால் கேனைத் தட்டியெல்லாம் பாராட்டினார்கள்.

கடைசி வரிசையில் என் மாமா எழுந்தார். அம்மாவின் தம்பி. அவர் தோட்டத்தில் மூன்று போர்வெல் போட்டு மூன்றிலும் தண்ணீருக்குப் பதில் பாறைத்தூள் புகைதான் வந்திருந்தது. அறுபது தென்னைகள் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவர் மூன்று முறையும் வந்தார். தேங்காய் மூன்று முறையும் கம்பீரமாக எழுந்து நின்றது. தண்ணீர்தான் வரவில்லை.

“ஏனம்மிணி, போருக்கும் இதே கணக்குத்தானா?”

“ஆமாங்க மாமா! எல்லாத்துக்கும் இதேதான். அதுதானுங்க கணக்கோட அழகு!”

அடுத்து ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். மூன்று முறை பூ விழுந்து முடிந்துவிட்டால், நான்காவது முறை நாணயத்துக்கு அது நினைவிருக்காது. மறுபடியும் பாதிக்குப் பாதிதான். (பாறையிடம் அந்தப் பாதியும் செல்லாது.) அதற்குள் போண்டா வந்துவிட்டது. கூட்டம் எழுந்தது. நானும் எழுந்தேன்.

வியாழக்கிழமை காலையில் சேலத்தில் இருந்த எனக்கு அம்மாவின் போன். “ஏன் தாரணி, உங்க மாமன் நாலாவது போர் போடறானாமா. நீ சொன்னியாமா?”

பஸ்ஸில் போகும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ‘மாமா, நான் பாதிதான் சொன்னேன். நிறுத்துங்க.’ பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போகும் அளவுக்குத் தெளிவாக வந்தது.

தோட்டத்தில் போர் துளைக்கும் ரிக் லாரி நின்றிருந்தது. கட்டுத்தறியில் எப்போதும் நிற்கும் இரண்டு எருமைகளும் இல்லை; போர்ச் செலவுக்கு விற்றாயிற்று. தேங்காய்க்காரரும் இல்லை. அவர் நிற்க வேண்டிய இடத்தில் என்னை நிறுத்தினார்கள். அத்தை என் நெற்றியில் திருநீறு பூசினார்.

“மூணு போயிருச்சு. நாலாவது வந்தே தீரும்னு படிச்ச புள்ள சொல்லுது,” என்று மாமா ரிக்காரரிடம் சொன்னார். “எங்க போடலாம், அம்மிணி?”

ஊரே என்னைப் பார்த்தது. பஸ்ஸில் அத்தனை தெளிவாக வந்த வாக்கியம் இங்கே வரவில்லை. நான் செய்ததை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை: விரலை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினேன்.

முந்நூறு அடியில் புகை. அறுநூறில் புகை. எண்ணூறில் ரிக்காரர் கேட்டார், “இன்னும் போலாமுங்களா?” நான் தலையை ஒருவிதமாக ஆட்டினேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். ஆயிரத்தில் நிறுத்தினார்கள். எல்லோர் மேலும் வெள்ளைத் தூள். ஊரே திருநீறு பூசிக்கொண்டதுபோல இருந்தது.

ரிக் லாரி போனபிறகுதான் எனக்கு வாய் திறந்தது. “மூணு போனதுக்கும் நாலாவதுக்கும் சம்பந்தமே இல்லீங்க மாமா. அத நான் அன்னிக்கே சொல்லியிருக்கோணும்.” அழுதுகொண்டே சொன்னேன்.

மாமா பொறுமையாகக் கேட்டார். “மூணு போனது கணக்குலயே வராதா?”

“வராதுங்க.”

“நாங்க பட்டதும்?”

வராது என்று தலையை ஆட்டினேன், இந்த முறை தெளிவாக.

“அப்ப உன்ற கணக்குக்குக் கல்நெஞ்சு, அம்மிணி. செரி வா, ஊட்டுக்குப் போயி சாப்புடலாம்.”

அந்தக் கோடையிலேயே தென்னைகளை வெட்டினார்கள். மாமா இப்போது ஒரு கோழிப்பண்ணையில் வாட்ச்மேன். பலகைக்கல் போட்டு மூடிய அந்தக் குழிக்கு ‘தாரணி போரு’ என்று பெயர். வீட்டுக்கு வழி கேட்பவர்களிடம், “தாரணி போருகிட்ட எடது பக்கம் திரும்புங்க” என்றுதான் சொல்கிறார்கள்.

போன மாதம் நான் அங்கே இருந்தபோது பார்சல் கொடுக்க வந்தவர், மாமாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். “யாருங்க அந்த தாரணி? உங்க ஊட்ல இருந்து தவறிப் போனவங்களா?”

மாமா சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார்.

“இல்லீங்க. உள்ள டீ வெச்சுட்டு இருக்குது. குடிச்சுட்டுப் போங்க.”