நீல நூலில் இரண்டு முடிச்சு

பள்ளிக்குக் கிளம்ப இருபது நிமிடம் இருக்கும்போது டிரில் டீச்சரின் பிரா பட்டை பட்டென்று அறுந்தது.

வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்த வருடத்தில் இது ஐந்தாவது. ஒரு காலத்தில் குண்டு எறிதலில் பரிசு மேல் பரிசாக வாங்கிக் குவித்த உடம்பு அவளுடையது. அதைத் தாங்க ஒரு கடையிலும் ஒன்று கிடைக்கவில்லை. அவள் உள்ளே நுழைந்ததுமே கடைக்காரர் கண்ணால் எடை போட்டுவிடுவார். அளவு டேப் அவர் கழுத்தில் மாலை மாதிரி தொங்கும், ஆனால் கையில் எடுக்க மாட்டார். "உங்க உடம்புக்கு நாப்பத்து நாலுதாம்மா. லூசா இருந்தா ஊக்கு குத்திக்கங்க" என்பார். பதினெட்டு வருடமாக அவள் நாற்பத்து நாலு. பின்பக்கம் கழுத்தை நோக்கி ஏறும், முன்பக்கம் தொப்புளை நோக்கி இறங்கும். தோள் இரண்டிலும் கிணற்றுக் கயிறு உரசிய கல்லைப் போலத் தடம். பிள்ளைகளோடு ஓடுவதை விட்டு நான்கு வருடமாகிறது. இப்போது விசில் ஊதுவதோடு சரி.

ஊக்கு தேடினாள். கணவன் நில அளவைக்காரன், வரைபடத் தாள்களை ஊக்கால் குத்தி வைக்கிற பழக்கம் உள்ளவன். அவன் சட்டைப் பையில் கையை விட்டாள். ஊக்கு வந்தது. கூடவே ஒரு ரோஸ் நிறச் சீட்டும், இரண்டு முடிச்சு போட்ட நீல நூலும் வந்தன.

சீட்டின் தலைப்பில் பெண்கள் உள்ளாடைக் கடை ஒன்றின் முகவரி. கீழே பேனாவால், '38 ஜி. இரண்டு. சனிக்கிழமை நாலு மணி. நேரில் வரவும்.'

அடுப்படியிலிருந்த நாத்தனாரை சத்தம் போடாமல் கூப்பிட்டாள். அவள் அண்ணன் மேல் எப்போதுமே சந்தேகம் உள்ளவள்.

"அண்ணி, இது உங்க சைசா?"

"நான் நாப்பத்து நாலுடி."

"அப்ப இவ யாரோ ஒல்லிக்குச்சி."

"இந்த ஜி என்னடி?"

டீச்சர் வாங்கிய எதிலும் எண்தான் இருக்கும். எழுத்தும் உண்டு என்று எந்தக் கடைக்காரனும் அவளிடம் சொன்னதில்லை.

"பேரோட முதல் எழுத்துதான். அண்ணன் ஆபீசுல ஜி-ல ஆரம்பிக்கிற பேரு யாருக்கு இருக்கு?"

"ரெண்டு பேருக்கு. ஒருத்தர் வாட்ச்மேன்."

"இன்னொண்ணு?"

"வரைபடம் போடுற பொண்ணு."

"எப்படி இருப்பா?"

"கொடி மாதிரி."

நாத்தனார் நூலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "மயக்குற கயிறு அண்ணி இது. ரெண்டு முடிச்சு பாத்தீங்களா? ஒண்ணு அண்ணன், ஒண்ணு அவ."

"அப்ப நான்?"

"நடுவுல கெடக்குற நூலு."

டீச்சர் நூலை அடுப்பில் போட்டாள். சீட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். ஊக்கைக் குத்திக்கொண்டு பள்ளிக்குப் போனாள். நாள் முழுக்க அது முதுகில் குத்திக்கொண்டே இருந்தது. சந்தேகமும்தான்.

சாயங்காலம் கணவன் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினான்.

"ஒரு நீல நூல் பாத்தியா?"

"ஒரு நூலுக்கா இவ்வளவு அமர்க்களம்?"

"உனக்குத் தெரியாது. அது இல்லேன்னா செஞ்ச வேலையெல்லாம் வீண்."

அவன் கட்டிலுக்கு அடியிலும் தவழ்ந்து தேடினான். கல்யாண மோதிரம் தொலைந்தபோதுகூட இந்த மனுஷன் குனியவில்லை.

"சனிக்கிழமை நாலு மணிக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போலாமா?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"சனிக்கிழமையா? ஒரு நிலம் அளக்கணும்."

"என்ன அப்படிப்பட்ட நிலம்?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இதுக்கு முன்னாடி பாத்தவன் எல்லாம் தப்புத் தப்பா எழுதி வெச்சிருக்கான்."

"நிலமா அளக்குறாரு? கதை அளக்குறாரு" என்று நாத்தனார் காதைக் கடித்தாள்.

மறுநாள் டீச்சர் அவன் ஆபீசுக்கு போன் போட்டாள். வாட்ச்மேன் எடுத்தார்.

"வரைபடம் போடுற பொண்ணு சனிக்கிழமை இருக்குமா?"

"லீவு சொல்லியிருக்காங்கம்மா."

வேறு என்ன சாட்சி வேண்டும்?

வெள்ளிக்கிழமை மாலை, விளையாட்டு விழாப் பட்டியலை எழுதியபடியே அவள் மேசையில் கவிழ்ந்து தூங்கிவிட்டாள். முதுகில் ஏதோ ஊர்ந்தது. திடுக்கிட்டு நிமிர்ந்தால் கணவன் பின்னால் நிற்கிறான். கை அவள் கழுத்துச் சங்கிலிக்குப் பக்கத்தில்.

"என்ன பண்றீங்க?"

"எறும்பு."

"எங்க?"

"போயிடுச்சு."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "சங்கிலியக் கழட்டப் பாத்திருக்காரு அண்ணி! அந்தக் கொடிக்கு மாட்டிவிட!"

"வரட்டும்டி. ரெண்டு பேரையும் மைதானத்துல பத்து ரவுண்டு ஓட விடறேன்."

வாய்தான் சொன்னது. அன்று ராத்திரி சோற்றுத் தட்டை அப்படியே மூடி வைத்தாள். பதினாறு வருடக் குடித்தனம். கண்ணாடி முன்னால் நின்று, ஊக்கில் தொங்கிய பட்டையைப் பார்த்தாள். எந்தக் கடையும் தாங்காத உடம்பை அவன் மட்டும் எத்தனை நாள் தாங்குவான் என்று ஒரு கேள்வி வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. கோபமே மேல்.

சனிக்கிழமை நாலு மணி. நாத்தனார் கடை வாசலில் காவல். "ஓடினா காலை வாரி விட்டுடறேன் அண்ணி, நீங்க போங்க."

டீச்சர் நைட்டிகள் தொங்கிய கம்பிக்குப் பின்னால் ஒளிந்தாள். நைட்டிகள் இரண்டு பக்கமும் பிதுங்கின. கல்லாவுக்கு முன்னால் கணவன். சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்தான். இந்த முறை சிவப்பு.

"என் வீட்டுக்காரிக்குத் தெரியவே கூடாதுங்க. தெரிஞ்சா என்னைக் குழி தோண்டிப் புதைச்சிடுவா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார்" என்றாள் விற்பனைக்காரி. "போட்டுப் பாக்காம நான் குடுக்கிறதில்ல. ஆளைக் கூட்டிட்டு வாங்க."

"அவளை எப்படிங்க இங்க கூட்டிட்டு வர்றது?"

டீச்சர் விசிலை வாயில் வைத்து, நான்கு வருடக் காற்றையும் சேர்த்து ஊதினாள்.

கடை உறைந்தது. கணவன் இரண்டு கையையும் தூக்கினான். அந்த ஊதலில் முதுகிலிருந்த ஊக்கு தெறித்துப் போய் பின்னாலிருந்த பொம்மையின் நெற்றியில் பட்டது. மீதியிருந்த பட்டையும் அறுந்தது. டீச்சர் கைகளால் மார்பைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அசையாதீங்க!" என்றாள் கணவனைப் பார்த்து.

விற்பனைக்காரி ஓடிவந்து அவளைத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "முதல்ல உள்ள வாங்கக்கா. சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்."

"எனக்கு ஒண்ணும் வேணாம். அவ எங்க?"

"எவ?"

"முப்பத்தெட்டு ஜி!"

விற்பனைக்காரி தன் கழுத்திலிருந்து டேப்பை எடுத்தாள். பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக ஒரு டேப் கழுத்தை விட்டு இறங்கியது.

"அளக்க வேணாம். நான் நாப்பத்து நாலு."

"யாரு அளந்து சொன்னாங்க?"

டீச்சர் கைகளைத் தூக்கினாள்.

டேப் மார்புக்குக் கீழே ஒரு சுற்று இறுக்கமாக வந்தது. மார்பைச் சுற்றி இன்னொன்று. "கீழ்ச்சுத்துக்கு நம்பரு, மேல்சுத்து எவ்வளவு கூடுதோ அதுக்கு எழுத்துக்கா." விற்பனைக்காரி எண்ணைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். டீச்சரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திரையை விலக்கித் தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"சார், அவங்க தூங்கறப்ப நூல்ல அளந்தேன்னு நீங்க சொன்னப்ப நான் நம்பவே இல்ல. உங்க முப்பத்தெட்டு ஜி இங்கதான் நிக்கிறாங்க, ஒரு இஞ்சுகூடத் தப்பல!"