ஐ.சி.யூ.வுக்கு இன்று யார் டியூட்டி?

நகம் வெட்டிக்கொள்வதைக்கூட நாலு பேர் சுற்றி நின்று பார்க்கிற காரியமாக மாற்றத் தெரிந்தவன் இந்தப் பூமியில் ஒருவன்தான். அவன் எங்கள் ஐ.சி.யூ. பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள், பாவம். புனே கராடியில் அவனோடு ஒரே ஃபிளாட்டில் குடியிருந்த எனக்கும் முருகேசனுக்கும் அது ஒரே மாதத்தில் மறந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் உயிர் போகிற அவசரம் என்றால் வேறு என்னவென்று கூப்பிடுவது?

ஒருநாள் வெங்காயம் நறுக்கும்போது விரலில் லேசாகக் கத்தி பட்டது. அவ்வளவுதான், முழங்கை வரை கட்டு. "மாப்ள, ரத்தம்டா! கண்ணு இருட்டுதுடா! எங்க ஆத்தாளுக்குப் போனைப் போடுடா!" என்று மதுரைவரை கேட்கிற மாதிரி ஓலம். எங்களுக்குச் சப்பாத்தி சுட்டுத் தரும் மாவ்ஷி பதறியடித்துக் கட்டை அவிழ்த்தாள். அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால் கொசு கடித்த அளவுக்கு ஒரு கீறல். "க்யா நாடக் ஹை பாபா!" என்று தலையில் அடித்துக்கொண்டு மாவு பிசையப் போய்விட்டாள்.

அவன் ஆபீஸில் ஒரு மேனேஜர் கீழ்மாடிக்கு மாறினார். வேறு ஊருக்கு இல்லை சார், கீழ்மாடிக்கு! அவரோடு இவன் பழகியதே மூன்று நாள். வழியனுப்பு விழாவில் மைக்கைப் பிடித்து, "நீங்க எனக்கு அப்பா மாதிரி" என்று தேம்பித் தேம்பி அழுதிருக்கிறான். அந்த மனுஷன் கேக்கைக்கூட வெட்டாமல் படியிறங்கிவிட்டாராம்.

கடக்வாஸ்லா அணைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். முருகேசனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கால்மணி நேரம் பேச்சு வேறொருவனைச் சுற்றிப் போனால் ஐ.சி.யூ.வுக்குத் தாங்குமா? ஆளைக் காணோம். பிறகு போன்: "என்னையத் தேடாதீங்கடா." தேடவே வேண்டியிருக்கவில்லை. ஐம்பதடி தள்ளி, சோளக்கதிர் வண்டிப் பக்கத்தில், எங்கள் கண்ணில் படுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் பாதி கடித்த கதிர்.

நாங்கள் சாப்ட்வேர்க்காரர்கள். மெஷின் மக்கர் பண்ணினால் யார் ஓட வேண்டும் என்று வாரம் ஒருவருக்கு டியூட்டி போடுவது எங்கள் வழக்கம். அதே முறையை வீட்டிலும் கொண்டுவந்தோம். ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டினோம். உள்ளே ஓலம் கிளம்பினால் முருகேசன் அசையாமல், "டேய், இந்த வாரம் நீதான்டா. போன வாரம் பூரா நாந்தான் கண்ணத் தொடச்சு உட்டேன்" என்பான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு போவேன்.

ஒருநாள் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், பட்டன் நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். வீடியோ காலில் அத்தனை பேர் முன்னால் இவன் கேவிக் கேவி அழுதான். அதற்குப் பிறகுதான் ஆபீஸ்காரர்களே அவனை ஒரு மனநல டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். சனிக்கிழமை தோறும் போக வேண்டும்.

முதல் நாள் பொருமிக்கொண்டு வந்தான். "கண்ணாடி நனையிற அளவுக்கு அழுதேன் மாப்ள. அந்தம்மா டிஷ்யூ டப்பாவ நகத்தி வச்சுட்டு, 'அப்பறம்?'ங்குது! ஒரு 'ஐயோ' கூடச் சொல்லலடா!" இரண்டாம் வாரம் அந்த டாக்டர் அவனுக்குக் கூடப்பிறந்த அக்காவாகிவிட்டார். மூன்றாம் வாரம், "நான் அக்கா இல்லை, டாக்டர்" என்று அவர் சிரித்தபடி சொல்லிவிட, இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதாவது எங்கள் முன்னால் சாப்பிடவில்லை.

அவன் சம்மதத்தோடு டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவனுக்கு இருப்பதற்கு ஹிஸ்ட்ரியானிக் ஆளுமைக் கோளாறு என்று பெயராம். "அவர் நடிக்கிறார் என்று நினைக்காதீர்கள். நாலு பேர் பார்க்காவிட்டால் தான் இல்லாமலே போய்விடுவோம் என்று ஒரு பயம். அந்தப் பயம் நிஜம்" என்றார். மாத்திரையில் தீராது, பேசிப் பேசித்தான் சரியாகும், வருஷக்கணக்கில்கூட ஆகலாம் என்றார். எங்களுக்கும் வேலை கொடுத்தார். ஆர்ப்பாட்டம் பண்ணினால் ஓடாதீர்கள், திட்டவும் திட்டாதீர்கள். அமைதியாக இருக்கும்போது நீங்களாகப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். சாகிறேன் என்று மட்டும் எப்போது சொன்னாலும் அலட்சியம் பண்ணாதீர்கள்.

கேட்டதில் பாதியைச் செய்துவிட்டு முழுசும் முடிந்தது என்று சொல்வது எங்கள் தொழில் தர்மம். 'ஓடாதீர்கள்' என்பதை மட்டும் சிரமேற்கொண்டோம். அட்டவணையைக் கிழித்துப் போட்டோம். அவன் கத்தினான், நாங்கள் போகவில்லை. மெல்ல மெல்லக் கத்தல் குறைந்தது. ஒரு வாரம் சத்தமே இல்லை. "வைத்தியம் பலிச்சிருச்சுடா!" என்று முருகேசனும் நானும் கடைக்குப் போய், ஐஸ்கிரீம் மிதக்கும் புனே மில்க்‌ஷேக்கான மஸ்தானி குடித்துக் கொண்டாடினோம். அவனைக் கூப்பிடத் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பனியனோடு பால்கனியில் உட்கார்ந்திருந்தான்.

"ஏல, டாக்டர்ட்ட போகலியா?"

"இனிமே போகல மாப்ள."

கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து என்ன என்று கேட்டேன்.

"திங்கக்கிழம ஒன் ரூம் வாசல்ல வந்து நின்னு, 'மனசு சரியில்ல, கொஞ்ச நேரம் பேசுறியா'ன்னு கேட்டேன். லேப்டாப்பப் பாத்துக்கிட்டே 'ம்'ன்ன. அது அந்தம்மா குடுத்த வீட்டுப்பாடம்டா. அழுகாம, கத்தாம, ஒத்த வரில கேக்கணும். கண்ணாடி முன்னாடி நின்னு பழகிட்டு வந்தேன். முருகேசன்ட்டயும் கேட்டேன், அவன் ஹெட்போனக் கழட்டல. கத்துனப்ப திட்டிக்கிட்டாச்சும் வந்தீங்க. ஒழுங்காக் கேட்டா ஒரு பய திரும்பிப் பாக்கலையே. அப்பறம் எதுக்கு நான் அங்க போய்க் கத்துக்கணும்?"

அந்த 'ம்' எனக்கு ஞாபகம்கூட இல்லை. அதுதான் சுட்டது. வருஷக்கணக்காக அவன்மேல் எரிச்சல்பட்டே பழகிய எனக்கு, அன்றைக்கு என்னையே செவிட்டில் அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"எந்திரில. சட்டையப் போடு. தப்பு எங்க மேலதான்."

பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். அவன் உள்ளே போனபிறகு ஒரு மணி நேரம் வெளியே நாற்காலியில் காத்திருந்தேன். முருகேசனுக்கும் போன் போட்டு நன்றாக வாங்குவாங்கென்று வாங்கினேன். ஐ.சி.யூ. வெளியே வந்து என்னைப் பார்த்ததும் திகைத்து நின்றான்.

"நீ இன்னும் போகலையா மாப்ள?"

"திங்கக்கிழம என்னமோ பேசணும்னியே. சொல்லு."

படியிலேயே உட்கார்ந்து சொன்னான். ஆபீஸில் மதியச் சாப்பாட்டுக்கு யாரும் அவனைக் கூப்பிடுவதில்லையாம். அவ்வளவுதான் விஷயம். அரைமணி நேரம் சொன்னான். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது அவன் அதே புனேயில், கோந்த்வா பக்கம் தனி வீட்டில் இருக்கிறான். டாக்டரிடம் இன்னமும் போகிறான். முழுசாகத் திருந்திவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். போன தீபாவளிக்கு ஒரு கம்பி மத்தாப்பு கையில் பட்டதற்கு எனக்குப் பதினோரு போன். கடன்காரன், உயிரை வாங்கிவிட்டான்.

போன மாதம் இரண்டு வாரம் அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆபீஸில் எனக்கும் நாள் சரியாகப் போகவில்லை. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்து பார்த்தேன். முடியவில்லை, போனை எடுத்தேன்.

"என்னடா மாப்ள, என்னாச்சு?" என்று பதறினான்.

"ஒண்ணுமில்லல. மனசு சரியில்ல. கொஞ்ச நேரம் பேசுறியா?"